காதில் விழாத சேதி

அன்று காலையில் அம்மா எனக்குச் சோறு போடவில்லை.

சோறு இல்லாமல் இல்லை. பழையது பானையில் இருந்தது. அதன் புளித்த வாசனை வாசல் வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா வீட்டுக்குள் இல்லை. பின்பக்கம் வைக்கோல் போருக்கு அருகில், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

“இன்னாம்மா?”

“ஒண்ணும் இல்லடா வேலு. இடுப்புல புடிச்சிக்கிச்சு. நீ பூசாரி வூட்டுல போய் சாப்புடு. சொல்லியாச்சு.”

“யாரு சொன்னாங்க?”

“ஐய, கேள்வி கேக்காம போடா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது.”

இடுப்பில் பிடித்துக்கொண்ட மனுஷி அப்படித் துள்ளிப் பின்வாங்க முடியாது. நான் கிட்டே போகப் பார்த்தேன். “தொடாத!” என்று கத்தினாள். உடனே, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஒரு சொல் போதும். எங்கள் பக்கத்தில் ஒரு தாய் தன் மகனைப் பார்த்துத் ‘தொடாதே’ என்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. தீட்டு.

அப்போது பூரணாங்குப்பத்தில், தாய்வீட்டில், என் மனைவி தனம் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். தலைப் பிரசவம். என் மணிக்கட்டிலோ எல்லையம்மன் காப்பு கட்டியிருந்தது. திருவிழா முடிந்து அதை அவிழ்க்கிற வரைக்கும் நான் எல்லை தாண்டக் கூடாது.

பிள்ளை பிறந்துவிட்டதா? அல்லது...

அந்த ‘அல்லது’க்குப் பிறகு என் மனம் போக மறுத்தது. முகம் கழுவிக்கொண்டு பூசாரி வீட்டுக்கு நடந்தேன்.

ராணி முசே

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

எனக்குப் பள்ளிக்கூட உத்தியோகம் கிடைத்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர், “துரைத்தனத்தாரின் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகாவது கூத்தாடுவதை விட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்” என்று எழுதியிருக்கிறார். அவருடைய நம்பிக்கையைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். நான் விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். அப்பா பாகூர் ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குக் கரும்பு போட்டவர். அவருக்குக் கரும்பின் கணுவைத் தொட்டால் எத்தனை நாள் பயிர் என்று தெரியும். தம் பெயரை எழுதத் தெரியாது. அவர் போன பிறகு அம்மா வயலைப் பார்த்துக்கொண்டாள், என்னைப் படிக்க வைத்தாள். ஆலஞ்சாவடிப் பள்ளிக்கூடத்தில் என்னை உபாத்தியாயராக நியமித்த அன்று, நான் போட்டுக்கொண்ட கோட்டை அம்மா வெளிப்பக்கம் உட்பக்கம் எல்லாம் தடவிப் பார்த்தாள். “உள்ளயும் துணி வச்சி தச்சிருக்குறான்!” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு போனாள்.

அந்தக் கோட்டுக்காரன்தான் மாசி மாதம் வந்தால் சேலை கட்டி, சவுரி முடி வைத்து, எல்லையம்மன் கோயில் கூத்தில் ராணி வேஷம் போடுகிறவன்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் குரல் வராது. பிரெஞ்சு வாசகம் ஒன்றைப் பலகையில் எழுதிவிட்டு அதைச் சத்தமாகச் சொல்லும்போது, தப்பாகச் சொல்கிறேனோ என்ற பயத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அரிதாரம் பூசிக்கொண்டால் அதே தொண்டை திறந்துகொள்ளும். ஏன் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிள்ளைகள் என்னை ‘ராணி முசே’ என்றுதான் தங்களுக்குள் சொல்வார்கள். முதலில் கோபித்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது.

தனத்துக்கு மட்டும் பழகவில்லை.

“பகல்ல புள்ளைங்களோட. சாயங்காலமானா கூத்து ஒத்திகை. ஞாயித்துக்கெழம வயலு. எனக்கு எந்த வேளன்னு சொல்லிட்டா நான் அந்த வேளைக்கு வந்து நின்னுக்கிறன்” என்பாள்.

நான் பாட்டை முணுமுணுப்பேன்.

“வூட்டுல ஒரு ராணி இருக்கும்போது இன்னொரு ராணி எதுக்குங்கிறேன்” என்று சொல்லிவிட்டு, தானே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பினால் அவளுக்கு மனக்குறை இல்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். சிரிப்பு எதைக் குறிக்கும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

அம்மனின் துண்டு நிலம்

காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது என்று சொன்னேன். ஆனால் ஆலஞ்சாவடி எங்கள் ஊர் எல்லைக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்படியானால் நான் எப்படி உத்தியோகத்துக்குப் போனேன்? இதைச் சொல்லாமல் விட முடியாது.

எங்கள் தலைமை உபாத்தியாயர் முசே அந்துவான் பட்டணத்துக் கிறிஸ்தவர். நல்ல மனிதர். ஆனால் விடுமுறை என்ற சொல்லைக் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. தம் தகப்பனாரை அடக்கம் செய்துவிட்டு மறுநாள் முதல் மணிக்குப் பள்ளிக்கூடத்தில் நின்றவர். “கூத்துக்கு விடுமுறையா? நீர் உபாத்தியாயரா, கூத்தாடியா? தீர்மானம் செய்துகொண்டு வாரும்” என்றார்.

எனக்குத் தீர்மானம் செய்யத் தெரியவில்லை. என் சார்பில் பூசாரி கோவிந்தன் தீர்மானம் செய்தார்.

எங்கள் ஊரில் பூசாரியே கூத்துக்கும் வாத்தியார். காலையில் அம்மனுக்குக் கற்பூரம் காட்டுகிற கை, மாலையில் எங்கள் முதுகில் தாளம் போடும். திருவிழாவின் முதல் நாள் அவர் மஞ்சள் கலந்த சோற்றைத் தூவிக்கொண்டே ஊரைச் சுற்றி வருவார். அதற்கு எல்லை கட்டுவது என்று பெயர். அவர் எங்கே தூவுகிறாரோ அதுதான் அந்த வருஷத்துக்கு அம்மனின் எல்லை. அந்த வருஷம் ஆலஞ்சாவடியையும் சேர்த்துக் கட்டிவிடுவது என்று கிளம்பிவிட்டார்.

வாய்க்கால் கரையில் ஆலஞ்சாவடிக்காரர்கள் வழி மறித்தார்கள்.

“யோவ் பூசாரி, எங்க ஊருல கல்யாணம் இருக்குதுய்யா. ஒங்க ஆத்தா எல்லைக்குள்ள நாங்க வந்துட்டா வூட்டுல தாளிக்கக்கூட முடியாது. கல்யாணக் கொழம்ப தாளிக்காம எறக்கச் சொல்றியா?”

பூசாரி சோற்றுச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“ஊரு வேணாம்யா. பள்ளிக்கூடமும் அதுக்குப் போற வழியும் போதும்.”

“அதெப்படி, துண்டா நடுவுல?”

“ஏன், பாகூர்லேர்ந்து பட்டணம் போறதுக்குள்ள பிரெஞ்சு சீம, இங்கிலீசு சீம, மறுபடி பிரெஞ்சு சீமன்னு வர்ல? தொரைங்க மட்டும் துண்டு துண்டா வச்சிக்கலாம், எங்க ஆத்தா வச்சிக்கக்கூடாதா?”

ஆலஞ்சாவடிக்காரர்கள் வழி விட்டார்கள். ஒரு மாட்டு வண்டி அகலத்துக்கு வாய்க்கால் கரை ஓரமாக மஞ்சள் சோறு போயிற்று. பள்ளிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. அதே வழியில் திரும்பி வந்தது. காக்கைகள் பின்னாலேயே வந்து அந்த எல்லையைத் தின்றுகொண்டிருந்தன.

இப்படியாக உத்தியோகமும் கூத்தும் ஒரே எல்லைக்குள் வந்துவிட்டன. எனக்கு மகா சந்தோஷம். ஊரே கூடி எனக்காக இவ்வளவு யோசித்ததே என்று பூரித்துப் போனேன்.

பூரணாங்குப்பத்தைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. பிரசவம் திருவிழா கழிந்துதான் என்று மாமியார் கணக்குச் சொல்லியிருந்தாள். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

ஒரே வைக்கோல் போர்

பூசாரி வீட்டில் எனக்குக் களியும் கீரையும் வைத்தார்கள். பூசாரியின் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள்.

“மாமா, ஒரு சந்தேகம்” என்றேன்.

“சந்தேகம்லாம் திருவிழா முடிஞ்சி” என்றார் பூசாரி.

“காப்புக் கட்டினவனுக்குத் தீட்டு உண்டா?”

பூசாரி மனைவியின் கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது. பூசாரி அவளை முறைத்தார்.

“சேதி காதுல வுழுந்தாத்தாண்டா தீட்டு. வுழுந்த நேரத்துலேர்ந்துதான் கணக்கு. வுழுலன்னா இல்ல. அவ்ளோதான் சட்டம்.”

“காதுல வுழாம, தானா தெரிஞ்சிக்கிட்டா?”

“தானா எப்புடிடா தெரியும்? நீ இன்னா சோசியனா?”

“அப்ப சேதி ஒண்ணு இருக்குதா மாமா?”

பூசாரி சட்டென்று இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். என் காதை அல்ல, தம் காதை. “நான் ஒண்ணும் சொல்லல, நீ ஒண்ணும் கேக்கல. இன்னும் ஒரே நாள். நாளைக்குக் காலைல ராசா வுழுந்து, ராணி ஒப்பாரி வச்சிட்டான்னா, காப்ப அவுத்துட்டு நீ எங்க வேணா ஓடு.”

“நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லுங்க.”

“நல்லதும் சேதிதாண்டா, கெட்டதும் சேதிதாண்டா! களியத் துன்னு.”

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வழக்கத்தில் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தீட்டு, சாவு விழுந்தாலும் தீட்டு. தீட்டுக்காரன் கோயிலிலும் கூத்துக் களத்திலும் கால் வைக்க முடியாது. ராணி வேஷக்காரன் ஒதுங்கிவிட்டால் ஒப்பாரி இல்லை. ஒப்பாரி இல்லாவிட்டால் அம்மனின் சூடு தணியாது, மழை வராது. அதனால்தான் ஊர் மொத்தமும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரியாதது இது அல்ல. சேதி வந்திருக்கிறது என்பது அம்மாவின் ‘தொடாத’விலேயே தெரிந்துவிட்டது. அது எந்தச் சேதி?

தாத்தா இறந்தபோது அம்மா அந்த வைக்கோல் போர் ஓரத்தில்தான் ஒதுங்கியிருந்தாள். சித்தப்பாவுக்குப் பிள்ளை பிறந்தபோதும் அங்கேயேதான். இரண்டு முறையும் தூரத்திலிருந்தே பேசினாள். இரண்டு முறையும் தனிச் சட்டியில் சாப்பிட்டாள். பிறப்பையும் சாவையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய எங்கள் முன்னோர் ஓர் அடையாளம்கூட வைத்துவிட்டுப் போகவில்லை. அம்மாவின் கண் சிவந்திருந்ததா என்று நினைத்துப் பார்த்தேன். சிவந்துதான் இருந்தது. ஆனால் அது அடுப்புப் புகையில் எப்போதும் சிவந்திருக்கும்.

ஓடிவிடலாமே என்று பட்டணத்து வாசகர்கள் கேட்பார்கள். இரண்டு மணி நேர நடைதான் பூரணாங்குப்பம். நானும் நினைத்தேன். ஆனால் காப்போடு எல்லை தாண்டினால் கேடு எனக்கு வராது, வீட்டிலிருக்கிற பெண்டு பிள்ளைக்குத்தான் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பூமி உருண்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் இதை நம்பலாமா? நம்பவில்லை. நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே வாய்க்கால் கரையில் மஞ்சள் சோறு தூவிய இடத்தை விட்டு ஒரு பக்கமும் கால் வைக்காமல் நடந்தேன். அவள் உயிரோடு இருந்தால் நான் போவது அவளுக்கு ஆகாது. உயிரோடு இல்லாவிட்டால் போய் என்ன ஆகப் போகிறது? இப்படி ஒரு யோசனை. மறு நிமிஷம், இப்படியெல்லாம் யோசிக்கிறவன் மனிதனா என்று ஒரு யோசனை.

கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சோப்பாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். சிறிது தூரம் போன பிறகுதான் எங்கள் ஊரில் யார் சோப்புப் போட்டுத் துவைக்கிறார்கள் என்று தோன்றியது.

கேளாமல் கிடைத்த விடுமுறை

முசே அந்துவான் கிறிஸ்தவர். அவருக்குத் தீட்டும் இல்லை, காப்பும் இல்லை. அவரிடம் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார் என்ற ஒரே நினைப்பில் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தேன்.

அவர் தம் மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நேற்று சாயங்காலம் உங்கள் கோவிந்தன் வந்திருந்தார். நான் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகையால் நீர் ஒன்றும் கேட்கக் கூடாது.”

“முசே, நான்...”

“நாளைக்கு நீர் வர வேண்டாம். நாளை மறுநாளும் வர வேண்டாம். வேண்டியிருந்தால் அடுத்த வாரம் முழுக்க எடுத்துக்கொள்ளும்.”

தகப்பனாரை அடக்கம் செய்த மறுநாள் வேலைக்கு வந்த மனிதர், நான் கேளாமல் எனக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுக்கிறார். பிள்ளை பிறந்ததற்கு யாராவது ஒரு வாரம் கொடுப்பார்களா?

“ஏன் முசே, அவ்வளவு நாள்?”

அவர் என் தோளைத் தொட்டார். அதுவரை அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை. “குடும்பஸ்தனுக்குச் சில காரியங்கள் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு ஞாபகமில்லை. பலகையில் ‘இருந்தாள்’ என்பதற்கான பிரெஞ்சு வார்த்தையை எழுதி, அதையே பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேனாம். பிள்ளைகள் பிற்பாடு சொன்னார்கள். ஒருவனும் அன்று ‘ராணி முசே’ என்று சொல்லிச் சிரிக்கவில்லை. அதுவும் என்னைப் பயமுறுத்தியது.

மண்ராஜா

எங்கள் ஊர்க் கூத்தின் கடைசிக் கட்டம் பகலில் நடக்கும். அறுத்துப் போட்ட வயலில், களிமண்ணால் ஒரு ராஜாவை நீளமாகப் படுக்க வைத்திருப்பார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையாகப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். சண்டையில் விழுந்து கிடக்கும் புருஷனைத் தேடிக்கொண்டு ராணி வருவாள். முகத்தை அடையாளம் கண்டு, அவன் மார்பில் விழுந்து ஒப்பாரி வைப்பாள். அந்த வருஷத்தில் வீட்டில் சாவு கண்ட பெண்களும் ராணியோடு சேர்ந்து உட்கார்ந்து தங்கள் தங்கள் ஆட்களை நினைத்து அழுவார்கள். அழுது முடித்தால் அம்மன் குளிர்ந்துவிடுவாள்.

வெயில் ஏறிவிட்டது. அரிதாரம் வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக் களிமண்ணும் கற்பூரமும் சேர்ந்த ஒரு வாசனை. தலைவிரிகோலமாக மண்ராஜாவைச் சுற்றி வந்தேன். பூசாரி மத்தளத்தைத் தட்டி அடி எடுத்துக் கொடுத்தார்.

பாட்டின் முதல் நான்கு அடிகள் வந்தன. மகுடம் சாய்ந்ததே, மாளிகை இருண்டதே என்று பாடினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. மனப்பாடம் செய்து வைத்த பாட்டு, எழுதிய பலகையைத் துடைத்தது போல அழிந்துவிட்டது. மண்ராஜாவின் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பால் வரைந்த கண். அகல விழித்தபடி இருந்தது.

“தனமே!” என்று கத்திவிட்டேன்.

மத்தளம் நின்றது.

அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததெல்லாம் எவரும் எழுதிக் கொடுத்த பாட்டு இல்லை. புருஷனுக்கு அழ வேண்டிய ராணி, பெண்டாட்டிக்கு அழுதாள். நீ போட்ட கோலம், நீ கட்டிய சேலை, நீ சொன்ன சொல் என்று அடுக்கிக்கொண்டே போனேன். களிமண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சுற்றியிருந்த பெண்கள் முதலில் என்னோடு சேர்ந்து அழுதார்கள். பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயையோ, இவன் யாருக்கு அழுவறான்?”

“வேலு, டேய், ராசாவுக்கு அழுடா!” என்று பூசாரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு அதெல்லாம் எங்கேயோ கேட்டது. நான் தனத்தைப் பாடையில் வைத்துச் சுடுகாட்டுப் பக்கம் அனுப்புகிற அடிக்கு வந்துகொண்டிருந்தேன்.

அப்போது களத்துக்கு வெளியே, வரப்பின் மேல், தீட்டுக்காரி நிற்க வேண்டிய தூரத்தில் நின்ற அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பிற்று:

“அடப் பாவி! உசுரோட இருக்குறவளுக்கு ஒப்பாரி வைக்காதடா! பொண்ணு பொறந்திருக்குதுடா ஒனக்கு! தாயும் புள்ளையும் கல்லு மாதிரி இருக்குறாங்கடா!”

காதில் விழுந்துவிட்டது.

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். நான் மண்ராஜாவின் மார்பின் மேல், அழுவதா சிரிப்பதா எழுந்திருப்பதா என்று தெரியாமல் கிடந்தேன்.

பூசாரி வரப்பைப் பார்த்து, “கெடுத்துட்டியேக்கா! இன்னும் பத்து அடி பாட்டுத்தானே!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒன் பாட்டுல தீய வையி! என் மருமவளக் காடு அனுப்பறதுக்குள்ள சொல்லலன்னா நான் மனுஷியா?” என்றாள் அம்மா.

“இப்ப ராணி தீட்டாயிட்டா. ஒப்பாரிய யாரு முடிக்கிறது?”

முன்வரிசையில் காசியம்மா உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள். அவள் கையை ஊன்றி எழுந்தாள். “ஏன், நாங்க இன்னா செத்தா பூட்டோம்? ஒப்பாரி வைக்க எங்களுக்கு வேஷம் வேணுமா, அரிதாரம் வேணுமா? நவுருடா தம்பி” என்றாள்.

நான் நகர்ந்தேன். அவள் மண்ராஜாவின் தலைமாட்டில் உட்கார்ந்து எடுத்த முதல் அடிக்கே எனக்கு உடம்பு சிலிர்த்தது. மற்றவர்கள் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பூசாரி மத்தளத்தை எடுத்து மெல்லத் தட்டத் தொடங்கினார். இத்தனை வருஷமாக ஓர் ஆண்பிள்ளை சேலை கட்டிக்கொண்டு இதை ஏன் செய்ய வேண்டியிருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி என்னையேதான் கூப்பிட்டார்கள். அதுவும் விளங்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பூசாரி என்னைத் தொடாமல், அரிவாள் நுனியைக் கயிற்றுக்கு அடியில் விட்டுக் காப்பை அறுத்தார். “ஓடு” என்றார்.

அடையாளம்

வேட்டியைக் கட்டிக்கொண்டு, தேங்காய் எண்ணெயால் முகத்தை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். அபிஷேகப்பாக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“எந்த ஊரு கூத்துபா? ராசா செத்துட்டாரா?”

“செத்துட்டாரு” என்றேன்.

“அப்பறம் எதுக்குச் சிரிச்சிக்கினு போற?”

நான் சிரித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது.

என் மச்சான், தனத்தின் அண்ணன், அன்று காலை கூத்துப் பார்க்க வந்து, தீட்டுக்காரர் என்பதால் களத்துக்கு வெளியே நின்றிருக்கிறார். இரண்டு நாளுக்கு முன் கற்கண்டோடு எனக்குச் சேதி சொல்ல வந்தவரும் அவர்தான். அம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் பூசாரி வந்து பேச்சை அடக்கித் திருப்பி அனுப்பினாராம். முசே அந்துவானிடம் ‘வேலுவுக்கு ஒரு சேதி’ என்று மட்டும் சொல்லி வைக்க, அவரும் சாவு என்றே எடுத்துக்கொண்டாராம். களத்தில் நடந்ததைப் பார்த்துவிட்டு அவர் சைக்கிளில் எனக்கு முன்னால் பூரணாங்குப்பம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆகையால் நான் போய் நின்றபோது அந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

“வாசப்படியிலயே நில்லுங்க மாப்ள” என்றாள் மாமியார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

உள்ளே இருட்டாக இருந்தது. வேப்பிலையும் சுக்கும் கலந்த வாசனை வந்தது. கண் பழகிய பிறகு பாயில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தனம் தெரிந்தாள். முகம் வெளுத்திருந்தது. அவள் பக்கத்தில் பழம்புடவையில் சுற்றிய ஒரு சிறு மூட்டை.

“எனக்கு ஒப்பாரி வச்சீங்களாமே” என்றாள்.

கழுத்தில் மிச்சமிருந்த அரிதாரத்தைத் துடைத்தேன்.

“நல்லா இருந்துச்சாம். கேட்டவங்க எல்லாம் நெசமாவே அழுதாங்களாம். அண்ணன் சொல்லிச்சு.”

“தனம், நான் நினைச்சது...”

“நீங்க நெனச்சது இருக்கட்டும். உசுரோட இருக்கும்போது என்னப் பத்தி ஒரு வார்த்த நீங்க சொல்லி நான் கேட்டதில்ல. செத்துப் போனவளுக்கு இன்னா சொன்னீங்கன்னாவது தெரிஞ்சிக்கிறன். பாடுங்க.”

“அடியே, பச்ச ஒடம்புக்காரி, ஒப்பாரியக் கேக்கறியே!” என்று மாமியார் பதறினாள்.

“மெதுவாத்தான் பாடட்டுமே.”

நினைத்துப் பார்த்தேன். அவ்வளவு பாடியதில் ஒரே ஓர் இடம்தான் ஞாபகத்தில் தங்கியிருந்தது. தொண்டையைச் சரி செய்துகொண்டு, வாசற்படியில் உட்கார்ந்து, மிக மெல்லிய குரலில் பாடினேன்:

“ஊர் அடங்கி நான் வரையில் ஒத்தையிலே கண் விழிச்சி
வாசலிலே வெளக்கு வச்சி வழிபார்த்து நின்னவளே...”

தனம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன்.

“நானா?” என்றாள்.

“நீதான்.”

“நான் எப்பங்க நின்னன்? சோத்த மூடி வச்சிட்டு, தலைய சாச்சா எனக்கு விடியறதுதான் தெரியும். வெளக்கு வச்சிக்கினு நிக்கறது உங்க அம்மா. இவ்ளோ நாளா நாந்தான்னா நெனச்சிக்கினு இருந்தீங்க?”

ஒத்திகை முடிந்து வரும்போது வாசலில் விளக்கு இருக்கும். விளக்குக்குப் பின்னால் ஒரு சேலை இருக்கும். நான் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்விடுவேன். இப்போது அந்தச் சேலைக்கு மேலே ஒரு முகத்தை வைத்துப் பார்க்க முயன்றேன். எனக்கு வரவில்லை.

தனம் குனிந்து, மூட்டையின் துணியை முகத்திலிருந்து விலக்கினாள்.

“கிட்ட வாங்க. இத ஒரு வாட்டி நல்லாப் பாத்து வச்சிக்குங்க” என்றாள். “அப்பறம் இதுக்கும் வேற யாரையாவது நெனச்சிக்கினு பாடப் போறீங்க.”

மாமியார் தடுக்கவில்லை. நான் படியில் முழங்காலிட்டு, எட்டிக் குனிந்து, பார்த்தேன்.